குழந்தைகளோடு பூக்களின் பள்ளத்தாக்கு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்குக்கு ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். இரண்டு முறை என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பள்ளியில் தாவரவியல் எடுப்பவள் என்பதால் கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. வந்தவற்றில் சில.

டீச்சர், பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்குப் பத்து. எல்லாரும் ஆகஸ்டில் போகச் சொல்கிறார்கள். நீங்கள்?

பூ அதிகம் ஆகஸ்டில்தான். ஆனால் மழையும் அப்போதுதான். போகிற வழியில் உள்ள மலையூரான ஜோஷிமட் சாலையில் மண் சரிந்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வண்டியிலேயே உட்கார வேண்டிவரும்.

நான் ஜூன் முதல் பாதியைத்தான் சொல்வேன். ஜூன் 1 அன்று பூங்கா திறக்கிறது. பருவமழை பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் அங்கே எட்டும். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் பனி உருகும் அந்த மாதம்தான் வசந்தம். பனித்திட்டின் ஓரத்தில் போய் உட்காருங்கள். போன வருடத்துப் புல் பழுப்பாக, படிந்து கிடக்கும். பனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் பந்து பந்தாக ஊதாப் பிரிமுலா நிற்கும். இலை இன்னும் முழுதாக விரிந்திருக்காது. ஆகஸ்டில் செடிகள் ஆள் இடுப்பு வரை வளர்ந்துவிடும், ஆறு வயதுக் குழந்தைக்குப் பச்சைச் சுவர்தான் தெரியும். ஜூனில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக, அவன் முழங்கால் உயரத்தில் நிற்கும்.

நீலப் பாப்பி, பிரம்மகமலம் என்ற மலைப்பூக்கள் அப்போது கிடைக்காது. அதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

மொத்தம் எவ்வளவு நடக்கணும்? சின்னவளைத் தூக்க ஆள் கிடைக்குமா?

பெரிய சாலையில் உள்ள கோவிந்த்காட்டிலிருந்து புல்னா என்ற ஊர் வரை 4 கி.மீ. ஜீப். அங்கிருந்து, பள்ளத்தாக்குக்கு முன்னால் தங்கும் ஊரான காங்கரியா வரை சுமார் 10 கி.மீ. ஏற்றம். காங்கரியாவில் தங்கி, மறுநாள் காலை பள்ளத்தாக்குக்குச் சுமார் 4 கி.மீ. காங்கரியா வரை குதிரை உண்டு. குழந்தைகளைக் கூடையில் முதுகில் சுமப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கூடைக்குக் கண்டி என்று பெயர். பள்ளத்தாக்குக்குள் குதிரைக்கு அனுமதி கிடையாது. இரவு தங்கவும் முடியாது.

தூரத்தைவிட உயரத்துக்குத்தான் நான் பயப்படுவேன். கோவிந்த்காட் சுமார் 1,800 மீட்டர், காங்கரியா 3,000-க்கு மேல். ஒரே நாளில் 1,200 மீட்டர் ஏறுகிறீர்கள். முந்தின இரவு ஜோஷிமட்டில் தங்குங்கள். சின்னக் குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளும், காரணமில்லாமல் அழும், வாந்தி எடுக்கும். அப்படி இருந்தால் மேலே ஏறவே வேண்டாம். குறையவில்லையென்றால் கீழே இறங்கிவிடுங்கள். பூ அடுத்த வருடமும் பூக்கும்.

பனி மேல் பிள்ளைகள் விளையாடலாமா?

ஓடை மேல் பாலம் மாதிரி கிடக்கும் பனியில் கூடவே கூடாது. அடியில் தண்ணீர் அரித்து, உள்ளே வெற்றிடமாக இருக்கும். போட்டிருக்கிற பாதையை விட்டு விலகாதீர்கள்.

காங்கரியா பக்கத்துக் காட்டில் பாம்பு படமெடுத்த மாதிரி ஒரு பச்சைப் பூ பார்த்தோம். என்ன அது?

அதைப் பார்த்துவிட்டீர்களா! நாகலில்லி என்பார்கள், தாவரவியலில் அரிசீமா. படம்போல் வளைந்திருப்பது பூ இல்லை, பாளை. தென்னம்பாளையை நினைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக உள்ளே தண்டின் அடியில் இருக்கும்.

நம் சேனை, சேப்பங்கிழங்கின் குடும்பம்தான். நாக்கை அரிக்க வைக்கும் அதே ஊசிப் படிகங்கள் இதிலும் உண்டு, வாயில் வைக்க விடாதீர்கள். செடி சிறிதாக இருக்கும்போது ஆண். கிழங்கில் சத்துச் சேர்ந்து பெரிதானால் பெண்ணாக மாறும். வாசனைக்கு வரும் சின்னப் பூச்சிகள் உள்ளே வழுக்கி விழும். ஆண் பாளையின் அடியில் சின்ன இடைவெளி இருக்கும், மகரந்தம் பூசிக்கொண்டு பூச்சி அதன் வழியே தப்பிவிடும். பெண் பாளையில் அந்த வழி இல்லை. மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே சாகும். என் மகள் பாதையில் மண்டியிட்டு ஒவ்வொரு பாளையின் அடியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அரை கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

விஷச் செடி ஏதாவது?

உண்டு. சித்த மருத்துவத்தில் நாவி என்கிறோமே, அந்த இனம் அங்கே வளர்கிறது. நீலமாகத் தொப்பி போட்ட மாதிரி பூக்கும், பார்க்க அழகு, வேரிலிருந்து பூ வரை கடும் விஷம். எதையும் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் பிஸ்கட்.

பூ பெயர் சொல்லும் செயலி பயன்படுமா?

உள்ளே சிக்னல் கிடையாது. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.

இந்த இடத்தை வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

பக்கத்துப் பியூந்தார் ஊர்க்காரர்களும் இடையர்களும் முன்பே ஆடு மேய்த்த இடம் அது. 1931-இல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி பிராங்க் ஸ்மைத்தின் குழுவினர் இந்தப் பக்கம் இறங்கினார்கள்; வெளியுலகுக்குத் தெரிந்தது அவர்களால். 1939-இல் செடி சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் பாறைச் சரிவில் விழுந்து இறந்தார். அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். 1982-இல் தேசியப் பூங்கா, 2005-இல் யுனெஸ்கோ பட்டியல்.

கொஞ்சம் விதை எடுத்து வந்து சென்னை மாடியில் போடலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. தேசியப் பூங்காவிலிருந்து விதையோ பூவோ எடுப்பது குற்றம். எடுத்தாலும் முளைக்காது, அந்த விதைகளில் பலவற்றுக்கு மாதக்கணக்கில் பனிக்குளிர் பட வேண்டும். அங்கே மழைக்காலத்தில் மலையையே இளஞ்சிவப்பாக்கும் செடி ஒன்று உண்டு. நம் காசித்தும்பையின் உறவு. உன் மாடித் தொட்டியில் காசித்தும்பை போடு. காய் முற்றியதும் குழந்தையின் விரலால் மெல்லத் தொடச் சொல். பட்டென்று சுருண்டு விதையைத் தெறிக்கும், அங்கே தெறிக்கிற மாதிரியே.