வீட்டிலேயே மாதிரி விமானத்தின் அலுமினியப் பாகங்களைப் பாதுகாப்பாக மினுக்குவது எப்படி?

ஸ்பின்னர் எனப்படும் மூக்குக் கூம்பைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாமா, ஆங்கிள் கிரைண்டரில் துணிச் சில்லைப் பூட்டி அறைக்குள்ளேயே மினுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, இரண்டுமே வேண்டாம். வவுனியாவில் ஒரு வேலைத்தளத்தில் நெடுங்காலம் இதே வேலையைச் செய்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும்போது எழும் குமிழிகள் ஐதரசன் வாயு. பூட்டிய அறைக்குள் அதற்கு ஒரு தீப்பொறி போதும். தொழிற்சாலைகளில் பாவிக்கிறார்களே என்று யாராவது கீழே எழுதக்கூடும். அங்கே வாயுவை இழுத்து வெளியேற்றும் ஏற்பாடு உண்டு. அதோடு, அந்தக் கரைசல் மேற்பரப்பை மங்கலாக்குமே தவிர மினுக்காது.

சில்லு விடயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. காலையில் இரும்புக் கேற் தேய்த்த அதே கிரைண்டரில் மாலையில் அலுமினியத்தைத் தேய்க்கச் சொல்வார்கள். இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் கலந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுந்து பற்றினால், தண்டவாளங்களை உருக்கி ஒட்டும் தெர்மைற் கலவையில் நடப்பதே அங்கும் நடக்கும் என்று எத்தனை முறை சொல்லியும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே ஒரு பெடியன் கையுறை அணிந்தபடி மெல்லிய கூம்பொன்றைச் சில்லின் மேற்பாதியில் பிடித்தான். விளிம்பு கொழுவி, கூம்பு தகரச் சுவரில் பள்ளம் விழ மோதியது. கையுறையின் பெருவிரல் பகுதி சில்லோடு போனது. விரல் தப்பியது அவன் செய்த புண்ணியம்.

ஆகவே கையால், நனைத்துத் தேய்யுங்கள். அது வீண்வேலை என்பவர்கள் தங்கள் கூம்பை வெயிலில் பிடித்துப் பார்க்கட்டும். தண்ணீரில் பாவிக்கும் சாண்ட் பேப்பரில் 400 ஆம் எண் தாளில் தொடங்கி, வரவர மென்மையான 600, 800, 1000, 1500, 2000 என்று போங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு துளி விட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்கே மாற்றி, முந்திய தாளின் கீறல் ஒன்றுகூட இல்லாமற் போன பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். ஈரத்தில் தூள் பறக்காது. ஆனால் அந்தச் சாம்பல்நிறச் சேற்றைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். ஈரமான அலுமினியத் தூளும் மெல்ல மெல்ல ஐதரசனை விடும். கடைசியில் உலோகப் பொலிஷைப் பழைய பருத்தித் துணியில் தொட்டுத் தேய்த்தால் துணி கறுக்கும், அது வழமையானது.

சோளகக் காற்று வீசும் நாட்களில் முற்றத்தில் இருந்து தேய்க்க வேண்டாம். நம் பக்கத்துப் புழுதியில் உள்ள மணல் அலுமினியத்தைவிடக் கடினமானது. ஒரு மணல்மணி தாளுக்கடியில் அகப்பட்டாலே 2000 வரை வந்த வேலை பாழ். யன்னல்கள் திறந்த விறாந்தையே நல்லது. கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உடனே துடையுங்கள். காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும்.

கூம்பு அடித்தட்டில் அமரும் உள்விளிம்பைத் தொடவே கூடாது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் சமநிலை கெட்டு இயந்திரம் அதிரும்.

பயிற்சிக்காகக் காணியில் கிண்டியெடுத்த அலுமினியத் துண்டை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2009 இல் போர் முடிந்தும் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் ஓயாத மண் இது. எதையும் தொடாதீர்கள், ஹாட்வெயார் கடையில் வெட்டுத்துண்டு கேட்டு வாங்குங்கள்.

சைலன்சர் வார்ப்பு அலுமினியம் என்றால் அதில் நுண்துளைகள் இருக்கும், கண்ணாடிபோல் வராது. அதை 1000 தாளோடு நிறுத்திவிடலாம்.