அருகில் என்றால் எதற்கு அருகில்?

கேள்வி: புதுச்சேரியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை தபால்தலை, நாணயக் கண்காட்சி நடக்கவிருக்கிறது. நானும் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனும் வருகிறோம். மாநாட்டு அரங்கத்துக்கு அருகிலேயே, கட்டுப்படியாகும் வாடகையில் தங்க இடம் கிடைக்குமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: ‘அருகிலேயே’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பணத்தைக் கரைக்கப்போவது அந்த ஏகாரம்தான். வெள்ளிக்கிழமை மாலையானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கும் ஊர் இது. செவ்வாய்க்கிழமை சும்மா கிடக்கும் அறைக்குச் சனிக்கிழமை இரு மடங்கு கேட்பார்கள். உங்கள் கண்காட்சியோ சரியாக அந்த மூன்று நாட்களில் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் நண்பர் ஒருவருக்காக நானே ஒரு விடுதியில் தொலைபேசியில் 900 ரூபாய்க்கு அறை பேசி வைத்திருந்தேன். சனிக்கிழமை இரவு அவரை அழைத்துக்கொண்டு போய் நின்றபோது 1,800 என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் வாதாட வழியில்லை. அன்றிலிருந்து வாடகை, வரி, காலி செய்யும் நேரம் மூன்றையும் குறுஞ்செய்தியில் வாங்கிக்கொள்ளாமல் யாருக்கும் அறை பேசுவதில்லை. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்பது தெரியாமல் ஒரு நாள் வாடகையைக் கூடுதலாக அழுதவர்கள் பலர். 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு இருந்த வரிவிலக்கை 2022 ஜூலை 18 அன்று எடுத்துவிட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சாமானியன் தங்கும் அறைக்கு வரி போட்டதை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

என் யோசனை, நீங்கள் கடலூரில் தங்குங்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாக விழுப்புரம் போகும் ரயில் பாதை கடலூரைத் தொட்டுச் செல்கிறதே தவிரப் புதுச்சேரிக்குள் வருவதில்லை. புதுச்சேரிக்கான கிளைப் பாதை 1879ஆம் ஆண்டிலிருந்து விழுப்புரத்தில்தான் பிரிகிறது. ஆகவே கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கினால், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே நடந்து போகும் தூரத்திலேயே, வழக்குக்கும் வியாபாரத்துக்கும் வந்து போகிறவர்களை நம்பி நடக்கும் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. சுற்றுலாக் கூட்டத்தை நம்பாத தொழில் என்பதால் சனிக்கிழமைக்கென்று அங்கே தனி விலை சொல்வது குறைவு. புதுச்சேரி அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். பேருந்துகள் அடுத்தடுத்துப் புறப்படுகின்றன. ஒரு மணி நேரப் பயணம். புதுச்சேரியிலேயே தங்கியாக வேண்டும் என்றால் அரவிந்தர் ஆசிரமம் நடத்தும் விருந்தினர் இல்லங்களில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். சுத்தமாக இருக்கும், புகையும் மதுவும் கூடாது, இரவில் கதவடைக்கும் நேரம் உண்டு. மகனோடு வருகிற தகப்பனுக்கு இவை மூன்றுமே நல்லவை.

எங்கே தங்கினாலும் கடலைப் பார்த்த அறை மட்டும் வேண்டாம். தபால்தலை சேகரிப்பவருக்கு உப்பங்காற்றைவிடப் பெரிய பகை கிடையாது. பயன்படுத்தாத தலையின் பின்புறப் பசை ஈரத்தில் இளகி ஆல்பத்தின் தாளோடு ஒட்டிக்கொண்டால், பிரித்தெடுத்த பிறகு அது பாதி விலைக்குக்கூடப் போகாது. ஈரம் தொடர்ந்தால் தாளில் பழுப்புப் புள்ளிகள் விழும். அறையைப் பார்க்கும்போது தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். மேசை இருக்கிறதா, அதன் மேல் வெளிச்சம் விழுகிறதா, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம், கண்காட்சியின் சரிபாதி இப்படிப்பட்ட லாட்ஜ் அறைகளில்தான் நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். மாலையில் அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் சேகரிப்பாளர்கள் மனம் விட்டுப் பேசத் தொடங்குவார்கள். பேருந்து நிலையத்தைப் பார்த்த ஒரு மூன்றாம் மாடி அறையில், கட்டிலின் மேல் வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல் தபால்தலைகளைச் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கைத் திறந்து வைத்து, தலைகள் பறந்துவிடக் கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க ஆறு பேர் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு பெரியவர் ட்வீசரால் ஒரு தலையைத் தூக்கி ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். பிரெஞ்சிந்தியாவின் 1914ஆம் ஆண்டு வெளியீடு, பிரம்மன் உருவம், அதன் மேல் 1923இல் புதிய மதிப்பை மேலச்சு செய்திருந்தார்கள். அதுவரை பிரான்சின் சாந்தீம் கணக்கில் இருந்த தபால்தலைகள் அந்த ஆண்டுதான் நம் ஊர்க் கணக்குக்கு வந்தன என்றும், 24 ‘காஷ்’ ஒரு ‘ஃபனோன்’, 8 ‘ஃபனோன்’ ஒரு ரூபாய் என்றும், ‘காஷ்’ என்பது நம் காசு, ‘ஃபனோன்’ என்பது நம் பணம் என்றும் அங்கிருந்த ஒரு பள்ளி மாணவனுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் தலையைத் தொடவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தான். அரங்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் தலைக்கு அப்படியொரு வாத்தியார் கிடைப்பதில்லை.

ஆகவே ‘அருகில்’ என்பதை அரங்கத்துக்கு அருகில் என்று கொள்ளாமல், உங்களைப் போன்ற மற்ற சேகரிப்பாளர்களுக்கு அருகில் என்று கொள்ளுங்கள். அவர்கள் எந்த லாட்ஜில் தங்குகிறார்கள் என்று உங்கள் ஊர்ச் சங்கத்தில் விசாரித்து, அங்கேயே அறை போடுங்கள்.

இங்கே கண்காட்சி நடத்துகிறவர்களோடு எனக்குள்ள பழைய வழக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்திலேயே முன்பும் எழுதியிருக்கிறேன். நடுவர்களுக்கும் சிறப்பு விருந்தினர்களுக்கும் நட்சத்திர ஓட்டலில் அறை போடுகிறீர்கள். கட்டணம் கட்டித் தன் சேகரிப்பைக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்கிற ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தங்குமிடம் பற்றி அழைப்பிதழில் ஒரு வரிகூட இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி வரும் பேருந்தில் ஏறினால் சாவடி, ரெட்டிச்சாவடி என்று ஊர்ப் பெயர்களாகவே வருகின்றன. வழிப்போக்கர்கள் இளைப்பாறும் பொது இடத்துக்குச் சாவடி என்று பெயர். இன்று அந்தச் சொல் சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி போன்றவற்றில்தான் புழங்குகிறது. உங்கள் தஞ்சைச் சீமையில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் தம் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரால் சத்திரம் கட்டி, இராமேசுவரம் போகிறவர்களுக்குச் சோறும் திண்ணையும் கொடுத்தார். நான் சத்திரம் கட்டச் சொல்லவில்லை. விடுமுறையில் காலியாக இருக்கும் ஒரு கல்லூரி விடுதியையோ, முகூர்த்தமில்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபத்தையோ மூன்று இரவுக்குப் பேசி, பாயும் பூட்டு போட்ட அலமாரியும் நான்கு மேசையும் போட்டுக் கொடுங்கள் என்கிறேன். நாளைக்குச் சேகரிப்பாளராகப் போகிற பிள்ளைகள் அங்கேதான் உருவாவார்கள்.

நீங்கள் வியாழக்கிழமை மாலையே திருப்பாதிரிப்புலியூருக்கு வந்துவிடுங்கள். இருவருடைய ஆதார் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள், மகனுடையதையும் கேட்பார்கள். ஆல்பத்தோடு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். மறுநாள் காலைப் பேருந்தில் கூட்டம் அதிகமாகத்தான் இருக்கும். ஆல்பப் பையை மேல் கம்பியில் வைக்காமல் மகனின் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.