நர்ஸ்களுக்கு வேலை பிடிப்பதும் பிடிக்காததும் இன்சார்ஜ் சிஸ்டர் கையில்தானா?

மேலே இருப்பவர் நடத்துகிற விதத்தால் நர்ஸ்களின் வேலைத் திருப்தியும் வேலைத் திறனும் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும். ஆனால் வார்டில் எங்களுக்கு மேலே இருப்பவர் என்றால் டியூட்டி ராஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல்) போடுகிற இன்சார்ஜ் சிஸ்டர்தான், ஆஸ்பத்திரியை நடத்துகிற எம்.டி. யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கு ஊர் நாசரேத் பக்கம். மும்பையில் 11 வருடமாக நர்ஸ், செம்பூரில் வீடு. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, ஏறக்குறைய ஒரே சம்பளம் (அதைத் தொட்டால் பதில் வேறு பக்கம் போய்விடும்). இன்சார்ஜ் மட்டும் நடுவில் மாறினார்.

முதல் இன்சார்ஜ் காலத்தில் ஒரு நைட் டியூட்டி. இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. எங்கள் டிரேயில் இரண்டும் கலந்து கிடக்கும். தூக்கக் கலக்கத்தில் 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்துவிட்டேன். போட வேண்டியது 10 யூனிட், அதில் இருப்பது 25 யூனிட். பக்கத்தில் நின்ற மலையாளி சிஸ்டர் கையைப் பிடித்துவிட்டாள். இன்சிடென்ட் ஃபார்ம் (நடந்த தவறை எழுதிக் கொடுக்கிற படிவம்) எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஒருத்தி, மருந்து தாமதமானதை எழுதிக் கொடுத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் திட்டு வாங்கி, அடுத்த ராஸ்டரில் கூடுதலாக 3 நைட்டும் வாங்கியிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அதே தவறு வேறொருத்தி கையில் நடந்தது. இந்த முறை ஊசி போட்டாகிவிட்டது. சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டிய பெரியவரை டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றி மீட்டோம். நான் வாயைத் திறக்காதது இன்னமும் உறுத்துகிறது.

அப்புறம் வந்த மராத்திக்கார சிஸ்டர் முதல் வாரமே, "இந்த வார்டில் எது உங்களைக் குழப்புகிறது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். சொன்னேன். மறுநாள் சிவப்பு மூடி சிரிஞ்செல்லாம் வேறு அலமாரிக்குப் போயிற்று. ராஸ்டரை 15 நாள் முன்பே ஒட்டினார்; லீவு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இன்சிடென்ட் ஃபார்ம்கள் குவிய ஆரம்பித்தன. "உங்கள் வார்டில் மட்டும் ஏன் இவ்வளவு தவறு?" என்று குவாலிட்டி டிபார்ட்மென்ட் விளக்கம் கேட்டது!

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வில் இதேதான் நடந்தது. நல்ல நர்ஸ் மேனேஜர் இருக்கும் வார்டில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அதிகமாக வந்தது. அங்கே நர்ஸ்கள் பயமில்லாமல் சொன்னதுதான் காரணம்.

ஆனாலும் எப்பேர்ப்பட்ட இன்சார்ஜும் இல்லாத ஆளை எங்கிருந்து கொண்டுவருவார்? 2002இல் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளை வைத்துப் போட்ட கணக்குப்படி, ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே வேலையில் அதிருப்திக்கான வாய்ப்பு 15% ஏறுகிறது. எங்களுக்கு நைட்டில் 24 படுக்கைக்கு 2 பேர். பகலில் ஆள் வராத நாளில் மராத்திக்கார சிஸ்டரே ஏப்ரன் கட்டிக்கொண்டு 6 படுக்கை பார்ப்பார்.

வளைகுடா வேலைக்கென்று ஏஜென்டிடம் கொடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டை இவர் வந்த வருடம்தான் போய்த் திரும்ப வாங்கி வந்தேன்.