பம்பருக்குப் பாதிப் பணம்தானா?

நாங்குநேரி டோல் தாண்டி மாடு குறுக்கே பாய்ந்து கார் பம்பர் உடைந்தது, இன்ஷூரன்ஸில் பாதிப் பணம்கூட வரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். 12,400 ரூபாய் பம்பருக்கு 5,200 என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) போட்டது சரிதான். மாடு பாய்ந்ததற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள், மிச்சம் 6,200. 1500 சிசிக்கு மேற்படாத காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000; அதுவும் போக 5,200. உடைந்தது கண்ணாடி என்றால் தேய்மானமே கிடையாது.

பாலிசியில் 'ஜீரோ டெப்', அதாவது தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது போதாது, பிரீமியம் பட்டியலில் அதற்குத் தனி வரி இருக்க வேண்டும். இருந்தால் கழித்த 6,200-ஐயும் கேட்கலாம்.

அப்புறம், கிளைமுக்குக் கையெழுத்துப் போடுமுன் நோ கிளைம் போனஸைக் கவனியுங்கள்; கிளைம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது, கிளைம் வாங்கினால் போய்விடும். அது 50 சதவீதத்தில் இருந்தால், 5,200-க்காக இழப்பது பெரும்பாலும் நட்டம். நான் வண்ணார்பேட்டையில் பழைய பம்பரையே கம்பி போட்டுக் கட்டி ஓட்டினேன். பார்க்கத்தான் சகிக்காது.