கேளுங்கள், சொல்கிறேன்: அகில் மரத்துக்கு ஊசி

கேள்வி: அஸ்ஸாம் போயிருந்தபோது, அகில் மரத்தில் துளை போட்டு எதையோ செலுத்துவதைப் பார்த்தேன். மரத்துக்கு வேண்டுமென்றே நோய் வரவழைக்கிறார்களாமே, உண்மையா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: உண்மைதான். நல்ல ஆரோக்கியமான அகில் மரத்தை வெட்டிப் பாருங்கள்: வெளுத்த, லேசான கட்டை, மணமே இருக்காது. காயம்பட்டு, அந்த வழியாகப் பூஞ்சை நுழைந்தால்தான் கதை ஆரம்பம். அஸ்ஸாம் வீட்டுத் தோட்டங்களில், பாக்கு மரங்களுக்கு நடுவே நிற்கும் அகிலில் தண்டு துளைக்கும் புழு ஒன்று அந்தக் காயத்தைப் போட்டுவிடுகிறது. புழு வராத மரத்துக்கு மனிதர்கள் துளையிட்டு, ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைக் கரைசலைச் செலுத்துகிறார்கள்.

மரம் சும்மா இருக்குமா? கட்டைக்குள் இருக்கும் உயிருள்ள செல்கள், சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து ஒரு பிசினைச் சுரந்து, பூஞ்சை பரவாமல் தடுக்கப் பார்க்கின்றன. அந்தப் பிசின்தான் மணம். துளையைச் சுற்றி முதலில் பழுப்பு, அப்புறம் கறுப்பு. இதற்கு மாதங்கள், நல்ல சரக்குக்கு வருடங்கள் ஆகும். அவசரப்பட்டு வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

அஸ்ஸாமின் ஹோஜாய் ஊரில், ஓர் அகில் பட்டறையில் ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உளியால் வெள்ளைக் கட்டையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்த பிறகு, கறுப்பு ரேகைகள் மட்டும் மிச்சம். விரல் நீளம்தான், ஆனாலும் கனத்தது. பிசின் நிறைய ஏறிய கட்டை தண்ணீரில் மூழ்கும். தணலில் ஒரு சில்லைப் போட்டார்கள். சட்டையில் அந்த வாசனை மறுநாளும் இருந்தது.