தியாஞ் செய்த பேரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் என்று பிளேஸ் தியாஞ் பற்றி மதிப்போடு எழுதியிருந்தீர்கள். முதல் உலகப் போருக்கு மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கொடுத்தவரும் அவர்தானே? அவரை எப்படித் தலைவர் என்கிறீர்கள்?

ச., காரைக்கால்

அன்புள்ள ச.,

ஆம், அவரேதான். 1918இல் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ அனுப்ப, மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் 60,000 பேருக்கு மேல் சேர்த்தார். இனியும் ஆள் எடுக்கக் கூடாது என்று எதிர்த்த ஆளுநர் ஜெனரல் வான் வொலென்ஹோவன் பதவியைத் துறந்தார். வெள்ளைக்கார ஆளுநர் மறுத்த வேலையைக் கறுப்பினப் பிரதிநிதி ஏற்றார் என்பது எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். பிரெஞ்சுக் காலனியான செனகலின் கோரே தீவில் 1872இல் பிறந்தவர், சமையல்காரரின் மகன். சுங்கத்துறை ஊழியராக தாஹோமி, ரீயூனியன், மடகாஸ்கர் என்று பல காலனிகளில் வேலை பார்த்தார். செனகலின் டக்கார், கோரே, ரூஃபிஸ்க், செயின்ட் லூயி ஆகிய நான்கு நகரங்களின் ஆப்பிரிக்கர்களுக்கு வாக்குரிமை இருந்தது. (உங்கள் காரைக்காலும் பாண்டிச்சேரியும் பாரீசுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பிய அதே ஏற்பாடுதான்.) ஆனால் அவர்கள் குடிமக்களா என்பதையே நிர்வாகம் கேள்விக்குள்ளாக்கிக்கொண்டிருந்தது. 1914இல் இந்நகரங்களின் பிரதிநிதியாக ஜெயித்த தியாஞ், போர் தொடங்கியதும் அந்தக் கேள்வியைத் தீர்க்க வழி கண்டார். எங்களைக் குடிமக்களாகவே படையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். 1915இல் அதற்கு ஒரு சட்டம் வந்தது. 1916 சட்டம், அந்நகரத்தாரும் அவர்கள் வழித்தோன்றல்களும் பிரெஞ்சுக் குடிமக்களே என்று உறுதி செய்தது. தங்கள் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தைக் கைவிடாமலே அதைப் பெற்றார்கள். அந்தக் காலனி உலகில் இது மிகப் பெரிய வெற்றி.

என் மனம் ஆறாத இடம் வேறு. 1917 வசந்தத்தில் பிரான்சின் ஷெமான் தே தாம் போர்முனையில் ஆப்பிரிக்கப் படைவீரர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, நாடாளுமன்றத்தின் ரகசிய அமர்வில் தளபதிகளின் பொறுப்பின்மையைக் கடுமையாகச் சாடியவர் இதே தியாஞ். மறு ஆண்டே மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதிக் கிராமங்களில் போய் நின்று ஆள் கேட்டார். அந்தக் கிராமத்து இளைஞர்கள் குடிமக்கள் அல்லர், குடியுரிமை இல்லாமல் பிரான்சின் ஆளுகைக்கு உட்பட்டவர்கள் மட்டுமே. விசாரணையே இல்லாமல் அதிகாரி தண்டிக்கக்கூடியவர்கள். நான்கு நகரங்களுக்குக் கிடைத்த சட்டம் அவர்களைத் தொடவில்லை. வரிச்சலுகை, பதக்கம், போருக்குப் பின் வேலை என்று வாக்குறுதிகள் மட்டும் தரப்பட்டன. தன் வாக்காளருக்கு உரிமை வாங்கியவர், வாக்கில்லாதவர்களிடம் உயிரைக் கேட்டார். இதை நான் மன்னிக்க மாட்டேன்.

1930இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் பிரான்சின் கட்டாய உழைப்பு முறைக்காக அவர் வாதாடியதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அது முழுத் தோல்வி.

இருந்தும் தலைவர் என்றே சொல்வேன். 1934இல் இறக்கும்வரை செனகல் வாக்காளர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பர் ஒருவர் பாரீசில் எழுந்து சட்டம் கொண்டுவர முடியும் என்பதை முதலில் நடத்திக் காட்டியவர் அவர். அவர் விட்ட இடத்தை 1946இல் இருவர் நிரப்பினார்கள்: ஐவரி கோஸ்ட்டின் ஹுஃபூவே-புவாஞி கட்டாய உழைப்பை ஒழிக்கும் சட்டத்தையும், செனகலின் லமீன் கேயே காலனி மக்கள் அனைவருக்குமான குடியுரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். கேயேயைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.