ஓடிப்போன ஆளுக்கு எதுக்கு வக்கீல்? கோர்ட்டுக்கே வராதவனுக்காக ஒருத்தர் வாதாட உரிமை இருக்கா?

இருக்கு, இருக்கவும் வேணும். நான் கிரிமினல் கேஸ் பாக்குற ஜூனியர் வக்கீல், அதனால வக்கீலுக்குத்தானே பேசுவேன்னு நினைக்கலாம். ஆனா "தலைமறைவா இருக்கறவனுக்கு நம்ம வரிப்பணத்துல வக்கீல் வேறயா, பாதிக்கப்பட்டவங்க கதி என்ன"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அந்தப் பாதிக்கப்பட்டவங்க பக்கம் நின்னுதான் நானும் இதைச் சொல்றேன்.

க்ரோம்பாக் கேஸ்னு ஒண்ணு இருக்கு. 1982 ஜூலை 10 காலைல, ஜெர்மனில லிண்டாவ்ங்கற ஊர்ல, கலிங்கா பாம்பர்ஸ்கின்னு 14 வயசு பிரெஞ்சுப் பொண்ணு அவங்க அம்மாவோட ரெண்டாவது புருஷன் வீட்ல இறந்து கிடந்தா. அந்த ஆள் டீட்டர் க்ரோம்பாக், டாக்டர், முந்தின நாள்தான் அவளுக்கு ஊசி போட்டிருக்கார். ஜெர்மனில போதுமான ஆதாரம் இல்லன்னு ஃபைலை மூடிட்டாங்க. பெத்த அப்பா ஆந்த்ரே பாம்பர்ஸ்கி விடல, பொண்ணு பிரெஞ்சுக் குடிமகள்ங்கறதால பிரான்ஸ்ல கேஸ் நடத்த வச்சார், ஆனா ஜெர்மனி தன் குடிமகனை அனுப்பல, அவரும் வரல.

1995 மார்ச் 9, பாரிஸ்ல ஆள் இல்லாமலே விசாரணை. க்ரோம்பாக்கோட வக்கீல்கள் கோர்ட்டுக்கு வந்து நிக்கறாங்க, ஆனா அவங்களைப் பேச விடல. அப்போ இருந்த பிரெஞ்சுச் சட்டத்துல 630-ஆவது பிரிவுப்படி வராத ஆளுக்காக எந்த வக்கீலும் ஆஜராக முடியாது, ஜூரியும் (பொதுமக்கள்லேர்ந்து தேர்ந்தெடுக்கற தீர்ப்புக் குழு) கிடையாது, ஜட்ஜுங்க மட்டும் உக்காந்து ஃபைலைப் பாத்து முடிச்சு 15 வருஷம் போட்டாங்க. அந்த வக்கீல்கள் என்ன சொல்ல வந்தாங்கன்னா, ஜெர்மனில இதே விஷயத்தை விசாரிச்சு முடிச்சாச்சு, ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை விசாரிக்கலாமான்னு ஒரு சட்டப் பாயின்ட். இதைச் சொல்ல குற்றவாளிக் கூண்டுல ஆள் நிக்கணும்னு அவசியமே இல்லியே, சட்டப் புத்தகமும் ஒரு வாயும் போதும், அதைக் கேட்டுட்டு தப்புன்னு தள்ளுபடி பண்ணியிருந்தாக்கூட அந்தத் தீர்ப்புக்கு ஒரு பலம் இருந்திருக்கும்.

கேக்காம விட்டதோட விலையைக் கட்டினது யாருன்னு பாருங்க. அந்தத் தீர்ப்போட சேர்த்து அப்பாவுக்கு 350,000 ஃபிராங்க் நஷ்டஈடு குடுத்தாங்க, அதை வசூலிக்க அவர் ஜெர்மனி போறார், அங்கேர்ந்து விஷயம் ஐரோப்பிய யூனியன் கோர்ட்டுக்குப் போகுது, 2000 மார்ச்ல அந்தக் கோர்ட், வக்கீலைப் பேச விடாம வாங்கின தீர்ப்பை ஜெர்மனி ஏத்துக்க மறுக்கலாம்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம், 2001 பிப்ரவரி 13, ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் பிரான்ஸ் பண்ணது தப்புன்னே தீர்ப்பு சொல்லிடுச்சு: ஆள் வரலங்கறதுக்குத் தண்டனையா வக்கீல் உரிமையைப் பிடுங்கக் கூடாது, மேல அப்பீல் போக வழி இல்லாம பண்ணதும் தப்பு. பொண்ணைப் பறிகொடுத்த அப்பன் பதிமூணு வருஷம் அலைஞ்சு வாங்கின அந்த பாரிஸ் தீர்ப்புக்குத்தான் இந்தக் கதி. எனக்கு இந்தக் கேஸ்ல மனசு தாங்காத இடம் இதுதான்.

2004-ல பிரான்ஸ் அந்த முறையையே எடுத்துட்டு, ஆள் இல்லன்னாலும் வக்கீல் வாதாடலாம்னு மாத்திடுச்சு. 2009 அக்டோபர்ல பாம்பர்ஸ்கிக்காக சில ஆட்கள் க்ரோம்பாக்கை ஜெர்மனிலேர்ந்து கடத்திட்டு வந்து பிரான்ஸ்ல மூலூஸ்ங்கற ஊர்ல கட்டிப் போட்டுட்டாங்க, அந்தக் கடத்தலுக்காக அப்பாவுக்கே பின்னாடி ஒரு வருஷ நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை கிடைச்சுது. ஆள் பிடிபட்டதும் 1995 தீர்ப்பு தானாவே ரத்து, முதல்லேர்ந்து விசாரணை. 2011-ல நேர்ல, வக்கீல் வச்சு, ஜூரி முன்னாடி நடந்துது, அதே 15 வருஷம். அடுத்த வருஷம் அப்பீல்லயும் அது நின்னுது. 2020-ல உடம்பு முடியாம வெளில வந்து அதே வருஷம் க்ரோம்பாக் இறந்துட்டார். தண்டனை ரெண்டு தடவையும் ஒண்ணுதான், ஆனா எதிர்த்தரப்பு பேசி முடிச்ச அப்புறம் வந்த தீர்ப்பைத்தான் யாராலயும் அசைக்க முடியல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சாதாரணமா ஒரு வாய்தாவுக்கு ஆள் வர முடியலன்னா வக்கீல் ஒரு பெட்டிஷன் போட்டு சமாளிக்கறது தினம் நடக்குது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட பிரிவு நம்பர்லயே இன்னும் 317 பெட்டிஷன்னுதான் சொல்றோம். தலைமறைவு கேஸ்ல முன்னாடி சாட்சி மட்டும் பதிவு பண்ணி வைக்க முடியும், தீர்ப்பு வரைக்கும் போக முடியாது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1-லேர்ந்து அமல்ல இருக்கற புதுச் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதுல 356-ஆவது பிரிவு இதை மாத்திடுச்சு. 10 வருஷமோ அதுக்கு மேலயோ, ஆயுளோ, தூக்கோ கிடைக்கக்கூடிய கேஸ்ல பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளியா அறிவிச்ச ஆள் ஓடிட்டான், இப்போதைக்குப் பிடிக்க வழியில்லன்னா அவன் இல்லாமலே விசாரிச்சுத் தீர்ப்பு சொல்லலாம். அதுக்கு முன்னாடி சார்ஜ் ஃபிரேம் ஆகி, அதாவது என்ன குற்றச்சாட்டுன்னு கோர்ட் பதிவு பண்ணி, 90 நாள் ஆகணும், குறைஞ்சது 30 நாள் இடைவெளில அடுத்தடுத்து ரெண்டு வாரன்ட், பேப்பர்ல விளம்பரம், சொந்தக்காரங்களுக்கோ நண்பருக்கோ தகவல், கடைசியா இருந்த வீட்ல நோட்டீஸ் ஒட்டணும், ஸ்டேஷன்லயும் ஒட்டணும். நீங்க கோபப்பட்ட விஷயமும் அதே பிரிவுலதான் இருக்கு, வக்கீல் இல்லன்னா அரசாங்க செலவுல வக்கீல் வைக்கணும்னு. அது இல்லன்னா நாமளும் 1995 பாரிஸ்லதான் போய் நிப்போம்.

எனக்குக் குறையாப் படறது வேற. கட்சிக்காரரைப் பாக்காத, போன்ல கூட பேசாத லீகல் எய்ட் (இலவச சட்ட உதவி) வக்கீல் சாட்சியை எதை வச்சு குறுக்கு விசாரணை பண்றது? அந்த நேரத்துல இவர் எங்க இருந்தார், சாட்சிக்கும் இவருக்கும் என்ன பகைன்னு சொல்ல ஆள் இல்ல. ஆனாலும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைத் தோண்டலாம், எஃப்ஐஆர் லேட்டானதைக் கேக்கலாம், எல்லாத்துக்கும் முன்னாடி இந்த ஆள் நிஜமாவே ஓடினாரா இல்ல நோட்டீஸே போய்ச் சேரலயான்னு கோர்ட்டைக் கேக்க வைக்கலாம், என்னைக் கேட்டா முதல் வேலையே அதுதான். இன்னொண்ணு, அப்பீல் போகணும்னா நேர்ல வந்து நிக்கணும், தீர்ப்பு வந்து 3 வருஷம் தாண்டிட்டா அப்பீலே கிடையாது, பிரான்ஸ் மாதிரி ஆள் வந்ததும் முதல்லேர்ந்து விசாரணைங்கற உத்தரவாதமும் அந்தப் பிரிவுல இல்ல. விஷயமே தெரியாம தண்டிக்கப்பட்ட ஒருத்தருக்கு இது ரொம்பக் கொடுமை, இதை மாத்தியே ஆகணும்.

விஷயம் தெரியாம எப்படி இருப்பாங்கன்னு கேப்பீங்க, வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவங்களை நினைச்சுப் பாருங்க. உங்க வீட்ல அப்படி யாராவது இருந்து, கதவுல கோர்ட் நோட்டீஸ் ஒட்டியிருந்தா கிழிச்சுப் போட்டுடாதீங்க, போட்டோ எடுத்து அவருக்கு அன்னைக்கே அனுப்புங்க. கேஸ் போட்ட தேதிக்கு முன்னாடியே வேலைக்குத்தான் கிளம்பினார்னு காட்ட பாஸ்போர்ட்ல எமிக்ரேஷன் முத்திரை இருக்கற பக்கமும் விசா காப்பியும் வாங்கி வைங்க. சொந்தமா வக்கீல் வைக்க வசதி இல்லன்னா ஜில்லா கோர்ட் வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல எல்லாத்தையும் காட்டுங்க, ஏற்கனவே அவருக்காக அரசாங்க செலவுல வக்கீல் வச்சிருந்தா யாருன்னு கேட்டு அவர் நம்பரை வெளிநாட்ல இருக்கறவர்கிட்ட குடுத்துப் பேச வைங்க. அந்த 90 நாள் முடியறதுக்குள்ள இதைப் பண்ணிடணும்.